கேமரா ஹவுசிங் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

தண்ணீருக்கடியில் படம் எடுக்கக் கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர்புகாப் பெட்டிதான் ஹவுசிங். அதில் ஏதோ கோளாறு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, அது எப்போது தெரிந்தது என்பதைத்தான். கரையில் மூடியபோதா, நன்னீர்த் தொட்டியில் முக்கியபோதா, இறங்கிய முதல் இரண்டு மூன்று மீட்டரிலா, ஆழத்திலா, மேலே ஏறும்போதா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதிக் காரணங்கள் அங்கேயே கழிந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள பின்மூடியை 30 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 900 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு அழுத்துகிறது. அந்த விசை மூடியை, இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் இன்னும் இறுக்கத்தான் செய்யும். அதனால் ஆழம் கூடக் கூடப் பின்மூடி நன்றாக அடைத்துக்கொள்ளும். ஒழுகுகிற ஹவுசிங் பெரும்பாலும் தொட்டியிலோ முதல் சில மீட்டரிலோ, அழுத்தம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் ஒழுகும். "நேற்று 25 மீட்டர் போனேன், ஒன்றும் ஆகவில்லை, இன்று தொட்டியில் போட்டதும் தண்ணீர் புகுந்துவிட்டது" என்று சொல்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நேற்று மூடியது வேறு, இன்று மூடியது வேறு. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஹவுசிங் புதிதாகத் தயாராகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது இரண்டு வகைக்கும் பொருந்தும்: சிறிய கேமராக்களுக்கான பாலிகார்பனேட் ஹவுசிங், மிரர்லெஸ் கேமராக்களுக்கான அலுமினிய ஹவுசிங். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வேக்கம் விளக்கு பச்சையில் நிற்கவில்லை

இது கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். தண்ணீரைத் தொடாமலேயே தவறு தெரிந்துவிட்டது.

வேக்கம் முறை இன்னும் பொருத்தாதவர்களுக்கு ஒரு வரி: கைப்பம்பால் ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்றில் ஒரு பகுதியை உறிஞ்சி எடுக்கிறோம். குறைந்த அழுத்தம் அப்படியே நிலைத்தால் அதை அளக்கும் கருவியின் விளக்கு பச்சையில் நிற்கும். உள்ளே 200 மில்லிபார் குறைத்தால், வெளியே இருக்கும் காற்று ஹவுசிங்கை 2 மீட்டர் தண்ணீர் அழுத்துவது போல அழுத்தும். மேலே சொன்ன அதே பின்மூடியில் அது 60 கிலோ விசை. அதாவது ஒழுகல் அதிகம் நடக்கும் அந்த முதல் இரண்டு மீட்டரைக் கரையிலேயே கடந்து பார்த்துவிடுகிறோம். மூடியும் இறுகிக்கொள்கிறது. இதற்குச் செலவழிக்கும் பணத்தை விடப் பயனுள்ள செலவு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

விளக்கு நிறம் மாறினால் முதலில் வெப்பநிலையை நினையுங்கள். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் உறிஞ்சிவிட்டு 34 டிகிரி வெயிலில் படகின் மேல்தளத்தில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 3 சதவீதத்துக்கு மேல் கூடும். 800 மில்லிபார் இருந்தது 827 ஆகிவிடும். கருவிக்கு அது கசிவு போலவே தெரியும். நிழலில் ஈரத் துண்டு போர்த்திக் கொஞ்ச நேரம் வையுங்கள். பச்சைக்குத் திரும்பி அங்கேயே நின்றால் வெயில்தான் காரணம். திரும்பாவிட்டால், அல்லது திரும்பி மறுபடியும் நழுவினால், கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான ஹவுசிங்கை "பார்த்துக்கொள்ளலாம்" என்று கொண்டுபோக வேண்டாம்.

கசிவுதான் என்றால் தேட வேண்டிய வரிசை இது: பின்மூடி ஓ-ரிங், போர்ட் (லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி முகப்பு) ஓ-ரிங், வேக்கம் வால்வும் அதன் மூடியும், ஸ்ட்ரோப் (வெளியே பொருத்தும் ஃபிளாஷ்) கேபிள் செருகும் துளையின் அடைப்பான், கடைசியாகப் பட்டன் தண்டுகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி உறிஞ்சி, அரைமணி நேரம் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றினால் சரியாகிவிடலாம். ஆனால் எது காரணம் என்று தெரியாமல் போகும், அடுத்த வாரம் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். போர்ட்டைச் சந்தேகப்பட்டால் அதைக் கழற்றிவிட்டுப் போர்ட் வாய்க்கான மூடியைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிற பஞ்சர் கடை வழி இங்கே ஆகாது. உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் கசிவுள்ள இடம் சோப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சோதனைக்கு விடும் நேரத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். முந்தைய இரவே மூடி, உறிஞ்சி, காலையில் பார்ப்பதுதான் நல்லது. மெதுவான கசிவு பத்து நிமிடத்தில் தெரியாது. எவ்வளவு உறிஞ்சலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவை மீற வேண்டாம்.

விளக்கு எதுவுமே எரியவில்லை, அல்லது காரணமே இல்லாமல் அலறுகிறது என்றால், உள்ளே இருக்கும் வட்டமான பட்டன் செல்லை முதலில் மாற்றுங்கள்.

இறங்கியதும் குமிழி வருகிறது

எல்லாக் குமிழியும் கசிவு இல்லை. கைப்பிடிக்கு அடியில், ஸ்ட்ரோப் கை பொருத்தும் உருண்டைகளில், பட்டன்களின் ஸ்பிரிங்குக்குள் காற்று மாட்டியிருக்கும். இறங்கியதும் அது பல இடங்களிலிருந்து சிதறி வரும். ஹவுசிங்கைத் திருப்பித் திருப்பி ஆட்டினால் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். ஒரே இடத்திலிருந்து விடாமல் வரிசையாக வந்தால் அது கசிவு, உடனே மேலே வாருங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். குமிழி வரவில்லை என்பது நல்ல சேதிக்கு அத்தாட்சி இல்லை. ஆழத்தில் வெளியே அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. சிறிய ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே போகும், காற்று வெளியே வராது. அதே ஹவுசிங் மேலே ஏறும்போது, உள்ளே நசுங்கிய காற்று விரிந்து குமிழியாக வரத் தொடங்கும். ஏறும்போது மட்டும் குமிழி கண்டால், தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அதனால் 3 மீட்டரில் ஒரு நிமிடம் நின்று, போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடித்து, கண்ணாடியின் அடிப்பகுதியைப் பாருங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் அங்கேதான் முதலில் சேரும். உடன் இறங்குபவரையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தை நம்மைவிட அவர்தான் நன்றாகப் பார்க்க முடியும்.

ஆழத்தில் கசிவு அலாரம் அடிக்கிறது, அல்லது உள்ளே தண்ணீர் தெரிகிறது

இங்கே கேமராவைக் காப்பாற்றுவது இரண்டாவது வேலை. உடன் இருப்பவருக்குச் சைகை காட்டுங்கள். வழக்கமான வேகத்தில், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறுங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்தை விடாதீர்கள். அந்த மூன்று நிமிடத்தில் கேமரா பாழாகும் என்றால் பாழாகட்டும். நுரையீரலும் மூட்டுகளும் கடையில் கிடைக்காது.

ஏறும்போது போர்ட் கீழே பார்த்தபடி பிடியுங்கள், தண்ணீர் முன்பக்கம் தேங்கிக் கேமராவின் உடலை விட்டுத் தள்ளி நிற்கும். கேமராவை அணைக்க முடிந்தால் அணையுங்கள். நிறையத் தண்ணீர் புகுந்தால் ஹவுசிங் கனக்கும்: உள்ளே இரண்டு லிட்டர் காற்று இருந்த இடம் நிரம்பினால் இரண்டு கிலோ கூடுகிறது. உங்கள் மிதப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். அது உங்களைக் கீழே இழுத்தால், விட்டுவிடவும் தயாராக இருங்கள்.

படகில் ஏறியதும் அவசரமாகத் திறக்காதீர்கள். ஆழத்தில் நசுங்கிய காற்று உள்ளே அப்படியே இருக்கலாம். லித்தியம் பேட்டரி உப்புத் தண்ணீரில் நனைந்தால் சூடாகி வாயுவும் விடும். மூடியை முகத்துக்கு எதிரே வைக்காமல், ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, கொக்கிகளை மெதுவாகத் தளர்த்துங்கள். பேட்டரியை எடுத்துத் தனியாக, தீப்பிடிக்கும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். மெமரி கார்டை நன்னீரில் அலசிக் காய வைத்தால் படங்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

கேமரா உப்புத் தண்ணீரில் முழுக்க நனைந்திருந்தால், பேட்டரி இல்லாமல் நன்னீரில் முக்கி உப்பைக் கழுவுவதே நல்லது. உப்போடு காய விட்டால் உள்ளே இருக்கும் செம்பு இணைப்புகளை அது அரித்துக்கொண்டே போகும். அரிசிப் பானையில் புதைத்து வைப்பதால் உப்பு போகாது. "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று மட்டும் செய்யாதீர்கள், பிழைத்திருக்கும் கேமராவையும் அது முடித்துவிடும்.

சிறிய கேமராக்காரர்களுக்கு இங்கே ஒரு ஆறுதல் உண்டு. ஒலிம்பஸ் டி.ஜி-6 தானாகவே 15 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், அதன் பி.டி-059 ஹவுசிங் 45 மீட்டர். ஹவுசிங் ஆழம் குறைந்த இடத்தில் ஒழுகினால் கேமரா தப்பிக்கும், அதன் பேட்டரிக் கதவு சரியாகப் பூட்டியிருந்தால். கோப்ரோ தனியாக 10 மீட்டர், டைவ் ஹவுசிங்கோடு 60 மீட்டர். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மட்டக்களப்புக்கு அருகே 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலைப் படம் எடுக்க வேண்டும் என்று கனவு காண்பவர்கள் உண்டு. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவருக்கான 40 மீட்டர் எல்லையையும் தாண்டியது, 45 மீட்டர் ஹவுசிங்கின் எல்லையையும் தாண்டியது.

மேலே வந்து திறந்தால் உள்ளே சில துளிகள்

துடைப்பதற்கு முன் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள். கரித்தால் கடல் தண்ணீர், கசிவு இருக்கிறது. சப்பென்று இருந்தால் உள்ளே இருந்த ஈரக்காற்று குளிர்ந்து படிந்த நீர், அல்லது திறக்கும்போது உங்கள் தலைமுடியிலிருந்து சொட்டிய நன்னீர். இந்த ஒரு நொடிச் சோதனை பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். கேமராவில் படிந்த துளியை அல்ல, ஹவுசிங் சுவரில் இருப்பதைச் சோதியுங்கள். நன்னீர்த் தொட்டியில் போட்டு எடுத்த பிறகு திறந்திருந்தால் இது பொருந்தாது, ஏனென்றால் தொட்டியில் புகுந்த தண்ணீரும் கரிக்காது.

கரிக்கிறது என்றால் துளி எங்கே இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு துடையுங்கள். அப்புறம் கேமரா இல்லாமல் சோதிக்க வேண்டும். உள்ளே மூடி விளிம்பைச் சுற்றியும் போர்ட் வாயைச் சுற்றியும் பட்டன்களுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பரைத் துண்டு துண்டாக ஒட்டுங்கள். பேப்பர் ஓ-ரிங் மேல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஹவுசிங் பலமாக மிதக்கும், அதனால் துணியில் சுற்றிய ஈயக்கட்டியை உள்ளே வைத்து மூடிக் கொண்டுபோங்கள். முதலில் 3 மீட்டரில் ஐந்து நிமிடம், பிறகு வழக்கமாக இறங்கும் ஆழம். போகும்போது எல்லாப் பட்டன்களையும் அழுத்துங்கள், திருகுகளைத் திருப்புங்கள். திரும்பி வந்து திறந்தால் எந்தத் துண்டு நனைந்திருக்கிறதோ அதுதான் இடம்.

பட்டன் அடியில் இருந்த துண்டு நனைந்திருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், சர்வீஸுக்கு அனுப்புங்கள். பின்மூடியோ போர்ட்டோ என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

எல்லாத் தேடலும் போய் நிற்கும் இடம்: ஓ-ரிங்

ஒரு தலைமுடியின் தடிமன் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓ-ரிங்குக்குக் குறுக்கே அது கிடந்தால், இரண்டு பக்கமும் ரப்பர் அதன் மேல் முழுக்கப் படியாமல் ஒரு மெல்லிய வாய்க்கால் உண்டாகும். தண்ணீர் புக அது போதும். மணல், துண்டின் நூல் பிசிறு, உப்புப் படிகம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் மூலை எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

ஓ-ரிங்கை எடுக்கக் குண்டூசி, சேஃப்டி பின், திருப்புளி எதுவும் வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் ஒழுகும். இரண்டு கட்டைவிரலாலும் ரப்பரை எதிரெதிராகத் தள்ளினால் நடுவில் ஒரு சிறு வளைவு எழும்பும், அதைப் பிடித்து எடுங்கள். வரவில்லை என்றால் பழைய ஏ.டி.எம். கார்டின் மூலையால் நெம்புங்கள்.

எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரல்களுக்கு நடுவே முழுச் சுற்றும் மெதுவாக நகர்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். எங்காவது வெட்டோ சொரசொரப்போ தட்டுப்பட்டால் தூக்கிப் போடுங்கள். குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தாலும் அதன் காலம் முடிந்தது: அது நசுங்கிய நிலையிலேயே தங்கிவிட்டது, திரும்ப எழும்பி அடைக்காது. இழுத்துப் பார்க்காதீர்கள், நீண்டுபோன ஓ-ரிங் பள்ளத்தில் நெளிந்து உட்காரும்.

பள்ளத்தைப் பிசிறு விடாத துணியால் துடையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி மூலைகளுக்கு வசதிதான், ஆனால் அதுவே நூலை விட்டுப்போகும். துடைத்த பின் டார்ச் அடித்து மறுபடி பாருங்கள். மூடியில் ஓ-ரிங் படியும் எதிர்ப்பக்கத்தையும் மறக்காமல் துடையுங்கள். பலர் மறப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம் கிரீஸ். தண்ணீரை அடைப்பது ரப்பர்தான். கிரீஸ் அந்த ரப்பர் காய்ந்து வெடிக்காமல், மூடும்போது வழுக்கிச் சரியான இடத்தில் உட்கார உதவுகிறது, அவ்வளவுதான். பட்டாணி அளவில் பாதி போதும். பூசிய பின் ரப்பர் பளபளக்க வேண்டும், வெள்ளையாகத் திட்டு எதுவும் தெரியக் கூடாது. அதிகம் பூசினால் பறக்கிற தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும். ஹவுசிங் தயாரிப்பாளர் கொடுத்த கிரீஸையே பயன்படுத்துங்கள். சில சிலிக்கோன் ஓ-ரிங்குகள் வேறு கிரீஸ் பட்டால் உப்பிப் பள்ளத்துக்குள் அடங்காமல் போகும். வாசலின், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டவே வேண்டாம்.

உட்கார வைக்கும்போது நான்கு மூலைகளிலும் முதலில் அழுத்திவிட்டு, பிறகு நடுப்பகுதிகளை அழுத்துங்கள். முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க ரப்பரின் அச்சுக் கோட்டைக் கவனியுங்கள். அது ஒரே பக்கம் ஓட வேண்டும், சுற்றிச் சுற்றிப் போனால் எடுத்து மறுபடி போடுங்கள். மூடும்போது ஸ்ட்ரோப் கேபிளின் நாடாவோ கேமரா வார்ப்பட்டையோ இடுக்கில் மாட்டவில்லை என்று சுற்றிலும் ஒரு பார்வை. கண்ணாடி போன்ற மூடி என்றால் ஓ-ரிங் கறுப்புக் கோடாகச் சுற்றிலும் ஒரே சீராகத் தெரியும், எங்காவது மெலிந்தோ விட்டோ தெரிந்தால் திறந்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஆடும் படகில், ஈரக்கையோடு, அடுத்த டைவுக்கு ஆள் கூப்பிடும்போது செய்ய முடியாது. ஹவுசிங்கில் நடக்கும் விபத்துகளில் பெரும்பங்கு அந்த அவசர மூடலில் நடப்பதுதான். இரண்டு டைவுக்கும் தாங்கும் பேட்டரியும் கார்டும் போட்டு, இடையில் திறக்காமலே இருப்பதுதான் என் முறை.

கண்ணாடியில் உள்ளே ஆவி படிகிறது

ஹவுசிங்கை மூடும்போது அங்கே இருந்த காற்றும் உள்ளே மாட்டிக்கொள்கிறது. கடலோர வெயிலில் 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை உள்ளே அடைத்தால், 27 டிகிரியைத் தொட்டதுமே அது நீராகப் படியத் தொடங்கும். அந்தமான் கடலில் கொஞ்சம் ஆழம் போனாலே அந்த வெப்பநிலை வந்துவிடும். அதே ஹவுசிங்கை 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏ.சி. அறையில் மூடினால், 13 டிகிரி வரை குளிர்ந்தால்தான் படியும். நம் பக்கக் கடல்களில் டைவர் இறங்கும் ஆழத்தில் அவ்வளவு குளிர் கிடையாது. ஆக மருந்து எளிது: ஏ.சி. அறையில் மூடுங்கள், படகில் திறக்காதீர்கள்.

குளிர்ந்த அறையிலிருந்து கொண்டுவந்த ஹவுசிங்கை வெளியே வந்த கையோடு திறந்தால் கேமராவின் மேலேயே ஈரம் படியும். கட்டாயம் திறக்க வேண்டுமென்றால் அரைமணி நேரம் நிழலில் விட்டுத் திறவுங்கள்.

இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, வீடியோ எடுக்கும்போது மட்டும் ஆவி படிந்தால் கேமராவின் சூடும் சேர்ந்துகொண்டது. 4கே வீடியோவை விட்டு விட்டு எடுங்கள், திரையின் ஒளியைக் குறையுங்கள். சிலிக்கா ஜெல் உதவும், அது காய்ந்திருந்தால். நீல மணி இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு மணி பச்சையானாலோ ஈரம் நிறைந்துவிட்டது, மிதமான சூட்டு அடுப்பில் காய வைத்து மறுபடி பயன்படுத்தலாம். கண்ணாடி வெளியே மங்கலாகத் தெரிந்தால் அது ஆவி இல்லை, ஒட்டியிருக்கும் நுண்குமிழிகள், கையால் ஒரு தடவு தடவினால் போய்விடும்.

பட்டன் அழுத்தினால் திரும்ப வரவில்லை

கரையிலேயே இறுகியிருந்தால் உப்பு. வெதுவெதுப்பான நன்னீரில் ஹவுசிங்கை மூடியபடியே முக்கி வைத்து, அவ்வப்போது பட்டனை அழுத்தி அழுத்தி விடுங்கள். உப்பு கரையும் வரை பொறுமை வேண்டும்.

கரையில் நன்றாக வேலை செய்து ஆழத்தில் உள்ளேயே நின்றுவிட்டு, மேலே ஏறியதும் தானாக எழும்பினால் காரணம் வேறு. 4 மில்லிமீட்டர் தண்டை 30 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 390 கிராம் விசையோடு உள்ளே தள்ளுகிறது. ஸ்பிரிங் அதைவிடப் பலமாகத் திருப்பித் தள்ள வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, தண்டைச் சுற்றி இருக்கும் குட்டி ஓ-ரிங் காய்ந்து பிடித்தாலோ தண்ணீர் ஜெயித்துவிடும். எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று குறித்து வையுங்கள். போன மாதம் 28 மீட்டர், இந்த மாதம் 20 மீட்டர் என்று மேலே ஏறி வந்தால் சர்வீஸுக்கு நாள் நெருங்கிவிட்டது. அந்தக் குட்டி ஓ-ரிங்தான் அங்கே தண்ணீரையும் தடுக்கிறது.

மூடி திறக்கவில்லை, போர்ட் கழலவில்லை

கொக்கியைத் திறந்தும் மூடி அசையாவிட்டால் உள்ளே வேக்கம் இருக்கிறது. வால்வைத் திறந்து காற்றை விடுங்கள். வால்வே இல்லாத ஹவுசிங்கும் சூட்டில் மூடிக் குளிர்ந்தால், அல்லது விமானத்தில் மூடியபடி வந்தால் இப்படிப் பிடித்துக்கொள்ளும். விமானத்தில் கொண்டுபோகும்போது மூடியைப் பூட்டாமலோ ஓ-ரிங்கை எடுத்துவிட்டோ கொண்டுபோக வேண்டும். திருப்புளி வைத்து நெம்பாதீர்கள். மறுபடி இளஞ்சூட்டில் வைத்தால் விட்டுக்கொடுக்கும்.

அலுமினிய ஹவுசிங்கில் போர்ட்டோ திருகோ இறுகி, ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அரிப்பு. எஃகுத் திருகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் கரையும். வண்ணப்பூச்சு சுரண்டுபட்ட இடத்தில் அது வேகமாக நடக்கும். துத்தநாகக் கட்டி பொருத்தியிருந்தால் அது தேய்ந்ததும் மாற்றுங்கள், அலுமினியத்துக்குப் பதிலாகத் தேய்வதுதான் அதன் வேலை.

ஸ்ட்ரோப் மின்னவில்லை

ஃபைபர் கேபிள் என்றால் ஒரு முனையை விளக்கின் பக்கம் காட்டி மறுமுனையைப் பாருங்கள், ஒளிப்புள்ளி மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் உள்ளே முறிந்திருக்கிறது. சைலன்ட் மோடில் இருந்தால் பல கேமராக்கள் ஃபிளாஷ் விடாது, அதையும் பாருங்கள்.

ஸ்ட்ரோப் மின்னுகிறது, ஆனால் படம் இருட்டு என்றால் அது முன்மின்னலுக்கு (படம் பதிவாகும் முன் கேமரா விடும் சிறு மின்னல்) வேலை செய்துவிட்டது, முன்மின்னலைப் புறக்கணிக்கும் நிலைக்கு மாற்றுங்கள். படத்தில் ஒரு பட்டை மட்டும் கறுப்பாக இருந்தால் ஷட்டர் வேகம் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் எல்லையைத் தாண்டியிருக்கிறது. 1/200க்குக் கீழே இறக்கிப் பாருங்கள்.

வயர் கேபிள் என்றால் ஐந்து ஊசிச் செருகியின் உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2001-இல் உற்பத்தி நின்ற நிக்கோனோஸ் கேமராவின் செருகி இது, இன்றும் அதே பெயரில் புழங்குகிறது. கழற்றிய நேரமெல்லாம் அதன் மூடி போட்டிருக்க வேண்டும். ஸ்ட்ரோப்பின் பேட்டரி அறைக்குள் தண்ணீர் போயிருந்தால் வாயு உண்டாகி அழுத்தம் ஏறியிருக்கும், மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திருகாதீர்கள்.

ஹவுசிங் நன்றாக இருக்கிறது, படம்தான் சரியில்லை

கரையில் ஃபோகஸ் ஆன லென்ஸ் டோம் போர்ட்டுக்கு (அரைக்கோள வடிவ போர்ட்) பின்னால் தண்ணீரில் தடுமாறினால் லென்ஸ் பழுதில்லை. டோம் தண்ணீரில் ஒரு மாயப் பிம்பத்தை உண்டாக்குகிறது. தொலைவில் உள்ள பாறைகூட லென்ஸுக்கு டோமின் ஆரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தூரத்தில் இருப்பதாகத் தெரியும். 10 செ.மீ. ஆரம் என்றால் 30 செ.மீ. அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸுக்குக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆக உதவும் கூடுதல் குளோஸ்-அப் லென்ஸ் வேண்டும். மூலைகள் மட்டும் மங்கினால் லென்ஸின் துளையை (அபெர்ச்சரை) எஃப்/8, எஃப்/11 என்று சுருக்குங்கள்.

அக்ரிலிக் டோமில் வெளிப்புறம் விழுந்த சிறு கீறலுக்குக் கவலைப்பட வேண்டாம். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீர் 1.33. கீறலைத் தண்ணீர் நிரப்பியதும் அது பெரும்பாலும் மறைந்துவிடும். உட்புறக் கீறல் மறையாது, அங்கே காற்றுதான் இருக்கிறது. ஸ்பிரிட், சானிடைசர் போன்ற ஆல்கஹால் திரவத்தால் அக்ரிலிக்கைத் துடைத்தால் நுண்வெடிப்புகள் ஓடும். சன்ஸ்கிரீனும் கொசுவிரட்டிக் களிம்பும் தடவிய கையும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

டைவ் முடிந்த பின்

உப்பு காய்வதற்குள் நன்னீரில் போடுங்கள். முடியாவிட்டால் ஈரத் துண்டில் சுற்றி வையுங்கள். பத்துப் பேர் கேமரா முட்டிக்கொள்ளும் பொதுத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், இன்னொருவர் ஹவுசிங் உங்கள் கொக்கியில் மோதித் திறந்துவிடக்கூடும். தனி வாளி கேட்டு வாங்குங்கள், ஊறும்போது எல்லாப் பட்டன்களையும் அழுத்திவிடுங்கள்.

சீசன் முடிந்து மாதக்கணக்கில் வைக்கும்போது கொக்கியைப் பூட்டாமல் விடுங்கள், அல்லது ஓ-ரிங்கை எடுத்துத் தனிப் பையில் போட்டு ஹவுசிங்கின் உள்ளேயே வையுங்கள். கார் டிக்கியில் வேண்டாம். பின்மூடி, போர்ட், பேட்டரி அறை ஓ-ரிங்குகளை ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே மாற்றலாம். ஒரு மாற்று ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும், தீவில் கடை கிடையாது. தண்டுகளின் ஓ-ரிங்கை மாற்றும் வேலையைச் சர்வீஸ் மையத்திடம் விடுங்கள். அனுப்பும்போது எந்தப் பட்டன், எத்தனை மீட்டரில், இறங்கும்போதா ஏறும்போதா என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அங்கே இருக்கும் மெக்கானிக் மேசையில் ஹவுசிங் ஒழுகாமல் நல்ல பிள்ளையாக இருக்கும். அவருக்குத் தேட ஒரு இடம் கொடுப்பது அந்தத் தாள்தான்.